விலகவும் மாட்டார்கள், வரவும் மாட்டார்கள்

அத்தியாயம் பதினான்கு

காலை ஏழு மணிக்கு அக்கா முதல் போனைப் போட்டபோது விண்வெளி ஆய்வுக்கான மக்கள் மன்றத்தில் அறுநூற்று நாற்பது உறுப்பினர்கள் இருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் அதில் நானூறு பேரை வழியனுப்பியாக வேண்டும். ஒன்பது வருடமாக ஆள் சேர்த்த வாய் முதல்முறையாக ஆளைக் கழிக்கப் போகிறது. வாய் ஒத்துழைக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

எல்லாம் போன வாரம் வந்த ஒரு கடிதத்தால்.

அரசின் செலவுக் குறைப்புக் குழு நாளைக் காலை கூடுகிறது. நத்தையின் கதையை அன்றே முடித்துவிடுவதாகத் திட்டம். நத்தை என்பது மன்றத்தார் வைத்த செல்லப்பெயர். ஆறு வருடமாக இருட்டில் ஊர்ந்து ஊர்ந்து, பனி மூடிய ஒரு தூரத்து நிலவுக்குப் போய்க்கொண்டிருக்கும் விண்கலம் அது. இன்னும் பதினோரு மாதத்தில் போய்ச் சேரும். அது அனுப்புவதைக் கேட்கும் நிலையத்தை இந்த மாதத்தோடு இழுத்து மூடிவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

“ஊருக்குப் போன பிள்ளை, ‘பத்திரமா வந்து சேந்துட்டேன்’னு போன் பண்ற நேரத்துக்கு வீட்ல போனையே பிடுங்கி வச்ச கதை” என்று அக்கா சொல்லிச் சொல்லி, இப்போது தபால்காரர்கூட மணியடிப்பதற்கு முன்னால் அதைச் சொல்கிறார்.

மன்றம் பேசுவதற்குக் குழு அந்தக் கடிதத்தில் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தது. ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் அழைப்பு. ஒரே ஒரு நிபந்தனை: ‘எங்கள் சார்பில் இவர் பேசுவார்’ என்று மன்றத்தின் பொதுக்கூட்டம் விதிப்படி நிறைவேற்றிய தீர்மானம் இன்று மாலை ஐந்து மணிக்குள் குழு அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். பேசப்போவது செயலாளரான அக்கா. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அக்காவுக்கு அறவே இல்லை. அந்தப் பத்து நிமிடப் பேச்சைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் முந்நூறு முறை பேசிக் கண்ணாடிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

சிக்கல், தம்பியின் ரூபத்தில் வந்தது.

தம்பி லிப்ட் மெக்கானிக், மன்றத்தின் தலைவர், வீட்டில் அவனுக்குப் பெயர் ‘சட்டம்’. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏழு பேர் உட்கார்ந்து மன்றத்தைத் தொடங்கியபோது, விதிகளை எழுதியது அவன்தான். ‘மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேராவது நேரில் வந்திருந்தால்தான் தீர்மானம் செல்லும்.’ ஏழில் பாதி மூன்றரை. சோறு வெந்துவிட்டது என்று குரல் கொடுத்தால் ஐந்து பேர் வந்துவிடுவார்கள். அறுநூற்று நாற்பதில் பாதி எவ்வளவு என்று அன்றைக்கு யார் யோசித்தார்கள்? அதற்குப் பிறகும் யோசிக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் தலையை எண்ணவும் இல்லை. விதிப்படி என்று கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் வந்தபிறகுதான் தம்பி விதிப்புத்தகத்தைத் திறந்தான். திறந்தவன் முகம், எட்டாவது மாடியில் கயிறு அறுந்த மாதிரி ஆகிவிட்டது.

விதியை மாற்றலாமே என்றால், மாற்றுவதற்கும் பாதிப்பேர் வேண்டும்.

அறுநூற்று நாற்பது பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் அக்கா இத்தனை நாளும் பெருமையாகச் சொல்வாள், நேற்றிலிருந்து சொல்வதில்லை. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, வாய் மரத்துப்போகப் பத்து நிமிடம் காத்திருப்பார். அந்தப் பத்து நிமிடமும் அக்காவுடையது. நோயாளி நாற்காலியில் மல்லாந்திருப்பார். அக்கா நிலவையும் நத்தையையும் விளக்குவாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. கை மட்டும் நன்றாக வேலை செய்யும். படிவத்தில் கையெழுத்து விழுந்துவிடும். பிடுங்கிய பல்லுக்கு ஒரு உறுப்பினர் என்ற வேகத்தில் மன்றம் வளர்ந்தது.

வந்து உழைப்பவர்கள் நூற்றிருபது பேர். மீதி ஐநூற்றிருபது பேர் பல்லைக் காட்டிவிட்டுப் போனவர்கள். அதில் நானூறு பேர் விலகிவிட்டால் மொத்தம் இருநூற்று நாற்பது. அதில் பாதி நூற்றிருபது. கூட்டம் செல்லும், தீர்மானம் செல்லும், அக்கா பேசுவாள், நத்தை பிழைக்கும். விலகுகிறேன் என்று உறுப்பினர் தன் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதுவும் தம்பி எழுதிய விதிதான்.

சாப்பாட்டு மேசையில் அக்கா ஒரு போன், தம்பி ஒரு போன், அக்காவின் வீட்டுக்காரர் ஒரு போன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரே வாத்தியார் என்றுதான் கூப்பிடும். இன்னும் பத்துப் பேர் அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பட்டியலோடு.

“வணக்கம், நான் மன்றத்திலேர்ந்து பேசறேன்.”

“எந்த மன்றம்?” என்றது ஒரு ஆண்குரல்.

“விண்வெளி ஆய்வுக்கான மக்கள் மன்றம். நீங்க உறுப்பினர்.”

“நானா? எப்ப சேந்தேன்?”

“போன வருஷம். கீழ்வரிசைக் கடைசிப் பல்லு எடுத்தப்போ.”

“அது பல்லுக்குப் போட்ட கையெழுத்துல்ல?”

“ரெண்டுக்கும் போட்டீங்க.”

“சரி. இப்ப என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம். விலகிக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்தது.

“ஏன்? நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஐயோ, தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்கதான் வர்றதே இல்லையே.”

“நீங்க கூப்பிட்டீங்களா? கூப்பிட்டு வரலைன்னா கேளுங்க. கூப்பிடாமலே துரத்துவீங்களா?”

“அப்ப இன்னைக்கு மூணு மணிக்கு வாங்களேன்.”

“மூணு மணிக்கா? எனக்கு வேலைவெட்டி இல்லையா?”

“அப்ப விலகிக்குங்க.”

“முடியாது!”

அக்கா போனை மேசையில் வைத்து அதை முறைத்துப் பார்த்தாள். அது அடுத்த பெயரைக் காட்டிக்கொண்டு அப்பாவியாக இருந்தது.

அடுத்தவர் ஒரு தையல்காரி. “ரெண்டு வருஷத்துல ஒரு தடவை எப்படி இருக்கேன்னு கேட்டிருப்பீங்களா? முதல் போனே ‘வெளிய போ’ன்னா என்ன அர்த்தம்? நான் அப்படியெல்லாம் போறவ இல்ல.” அதற்கடுத்தவர் ஒரு சமையல்காரர். அவர் காரணத்தைக் கடிதத்தில் எழுதி அனுப்பச் சொன்னார். அவருக்கடுத்தவர் அழுதே விட்டார். பல் செட் கட்டியதிலிருந்து தன்னை எல்லோரும் ஒதுக்குகிறார்களாம். மன்றமுமா என்று கேட்டார். அக்கா அவரைச் சமாதானப்படுத்தி, மன்றத்தின் தூண்களில் அவரும் ஒருவர் என்று உறுதி சொல்லிப் போனை வைத்தாள்.

“என்ன, விலகிட்டாரா?” என்றான் தம்பி.

“வாயை மூடு.”

பதினோரு மணிக்கு வாத்தியார் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார். கியருக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்குக்கூட இருபது வருடமாகக் குரலை உயர்த்தாமல் பாடம் எடுத்த மனிதர். ஒரே ஆளோடு நாற்பது நிமிடம் பேசியிருந்தார்.

“ரெண்டு பேரும்மா!”

“ரெண்டு பேரு விலகிட்டாங்களா? அப்பாடா!”

“இல்லம்மா, சேந்துட்டாங்க. அவரு எதுக்குக் கூப்பிடறீங்கன்னு கேட்டாரு. நான் நத்தையைப் பத்திப் பொறுமையா சொன்னேன். பக்கத்துல இருந்து அவரு சம்சாரம் கேட்டிருக்காங்க, மச்சினனும் கேட்டிருக்காரு. ரெண்டு பேரும் எங்களையும் போட்டுக்குங்கன்னுட்டாங்க.”

அக்கா கண்ணை மூடி, பத்து வரை எண்ணினாள். பத்து போதவில்லை. எழுபதில் கண்ணைத் திறந்தாள்.

“என்னங்க, நாம இன்னைக்கு ஆளைக் குறைக்கறோம்.”

“தெரியும்மா. ஆனா கேக்கறவங்க ஆசையா கேக்கறப்போ வேணாம்னு எப்படிம்மா சொல்றது?”

“மாமா,” என்றான் தம்பி தலையில் கை வைத்தபடி, “நீங்க ஒரு உபகாரம் பண்ணுங்க. யாருக்கும் போன் பண்ணாதீங்க.”

இரண்டரை மணிக்கு, பல் ஆஸ்பத்திரியின் சந்திப்பு அட்டைகளின் பின்பக்கத்தில் அக்கா கணக்குப் பார்த்தாள். விலகியவர்கள் முப்பத்தொன்று. அதில் நான்கு பேர் வேறு ஊருக்குக் குடிபோனவர்கள். சேர்ந்தவர்கள் பத்தொன்பது. இத்தனை தொண்டைகள் வறண்டு, மன்றம் பன்னிரண்டு பேர் இளைத்திருந்தது.

விலகவும் மாட்டார்கள், வரவும் மாட்டார்கள். இப்படி ஒரு ஜனத்தை அக்கா கண்டதில்லை. இந்த ஜனத்தை ஒவ்வொருவராகச் சேர்த்ததும் அவள்தான்.

*

நூலகத்தின் மாடி அறையில் மூன்று மணிக்குக் கூட்டம். தம்பி வாசலில் நின்று தலை எண்ணினான். பிறகு உள்ளே போய் எண்ணினான். பிறகு எல்லோரையும் உட்காரச் சொல்லி எண்ணினான். நூற்று முப்பத்தொன்று. தேவை முந்நூற்றுப் பதினான்கு.

“கூட்டம் செல்லாது” என்றான்.

அறையே எழுந்து நின்றது. “கண்ணை மூடிட்டு முந்நூத்துப் பதினாலுன்னு எழுதுப்பா. யாரு வந்து பாக்கப் போறா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். கைதட்டல் எழுந்தது. அக்காவும் தட்டினாள்.

“டேய், எழுதுடா. ஒரு உயிரைக் காப்பாத்தற விஷயம்.”

“அது உயிரில்லக்கா, மிஷின்.”

“அப்படியா? ராத்திரி அது எங்க இருக்குன்னு பாக்காம நீ தூங்கியிருக்கியா?”

தம்பி விதிப்புத்தகத்தை மூடினான். வேறொன்று சொன்னான். “லிப்ட்ல எட்டுப் பேருன்னு போர்டு வச்சிருப்பாங்க. ஒன்பதாவது ஆள் ஏறுவான், ஒண்ணும் ஆகாது. பத்தாவது ஆள் ஏறுவான், ஒண்ணும் ஆகாது. அப்புறம் ஒருநாள் என்னைக் கூப்பிடுவாங்க. போய்ப் பாத்தா உள்ள நிக்கறவங்க முகத்தைப் பாக்கவே முடியாது. நாளைக்கு அந்தக் குழுவில யாராவது ஒருத்தன் பட்டியலைக் காட்டுன்னு கேட்டா, நீ நடு மேடையில நிப்ப. பொய்க் கணக்கு காட்டின கூட்டம்னு பேரு வாங்கிட்டா, நத்தையையும் அந்தப் பொய்யோட சேத்துத்தான் புதைப்பாங்க.”

நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தப்பாகப் பேசினால் ஒரு அறை விடலாம்; சரியாகப் பேசுகிற தம்பியை என்ன செய்வது?

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து குழுவின் கடிதத்தை நாற்பதாவது முறையாகப் படித்தாள். நம்பிக்கையோடு அல்ல, வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாததால். இரண்டாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு வரி இருந்தது. எந்த அமைப்பிலும் உறுப்பினராக இல்லாத தனிநபர்கள், முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து பதிவு செய்தால் மூன்று நிமிடம் பேசலாம்.

மூன்று நிமிடம். எந்த அமைப்பிலும் இல்லாதவர்.

அவள் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சந்திப்பு அட்டையை எடுத்தாள். பல் படம் போட்ட பக்கத்தைத் திருப்பி இரண்டு வரி எழுதினாள். தம்பியிடம் நீட்டினாள்.

அவன் படித்தான். காலையிலிருந்து அவள் நானூறு பேரிடம் கேட்டுக் கெஞ்சிய வார்த்தை அந்த அட்டையில் அவள் கையெழுத்திலேயே இருந்தது.

“இது செல்லாதுக்கா.”

“ஏண்டா?”

“செயலாளர் விலகினா தலைவர் எழுத்தில ஏத்துக்கணும்.”

“தலைவர் யாரு?”

“நான்தான்.”

“ஏத்துக்க.”

தம்பி அட்டையைத் திருப்பிப் பல் படத்தைப் பார்த்தான். மறுபடி திருப்பினான். “நீ ஆரம்பிச்ச மன்றம். நீ இல்லாம இதுல என்ன இருக்கு? நானும் ஒரு விதிப்புத்தகமும்.”

“நான் போனாலும் அறுநூத்து இருபத்தேழு பேரு இருக்காங்க. காலையிலேர்ந்து தள்ளிப் பாத்தோமே, ஒருத்தராவது நகர்ந்தாங்களா? நீ தனியா இருக்க மாட்ட, கவலைப்படாத. நேரமாகுது, நான் போறேன். நான் அங்க போய்ச் சேரறதுக்குள்ள போட்டுடு.”

*

வெளியே பயிற்சிக் கார் நின்றது. கூரைமேல் பள்ளியின் பலகை, முன்னும் பின்னும் கற்போருக்கான ‘எல்’ அடையாளம், இடப்பக்கம் வாத்தியாருக்கென்று தனி பிரேக். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவள் முடுக்கினாள், அவர் பிரேக் போட்டார். நான்கு கிலோமீட்டர் தூரமும் இப்படியே. கார் விக்கல் எடுத்தபடி போனது.

“என்னங்க, உங்க காலைக் கொஞ்சம் மேல எடுத்து வைங்க!”

“முன்னாடி சைக்கிள் போகுதும்மா.”

“அது போயிடுச்சு!”

“போனாலும் திரும்பி வரலாம்ல.”

சிக்னலில் நின்றபோது அவர் மெதுவாகக் கேட்டார். “நீ வெளிய வந்துட்டா நானும் வந்துடட்டுமாம்மா? நான் நாலாவது உறுப்பினர். நீ சொன்னேன்னுதான் சேந்தேன்.”

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டுச் சிரித்த அதே முகம்.

“நீங்க உள்ளயே இருங்க. உங்க தலையையும் எண்ண முடியலைன்னா அவன் அழுதுடுவான்.”

குழு அலுவலகத்தில் ஒரே ஒரு சாளரம்தான் திறந்திருந்தது. அதன் பின்னால் இருந்த குமாஸ்தா, ஐந்து மணிக்கு இழுத்து மூடவேண்டிய ஷட்டரின் கைப்பிடியை இப்போதே பிடித்திருந்தார். மணி நான்கு ஐம்பத்து மூன்று.

“பேரு, முகவரி எழுதுங்க. கீழ ஒரு கேள்வி இருக்கும். ஏதாவது அமைப்புல உறுப்பினரா? ஆம், இல்லை. ஒண்ணுல டிக் போடுங்க. பொய்யா இருந்தா நாளைக்கு உள்ளயே விடமாட்டாங்க.”

அக்கா பெயர் எழுதினாள். முகவரி எழுதினாள். கீழே வந்ததும் பேனா நின்றுவிட்டது. போனை எடுத்தாள்.

“போட்டியாடா?”

“கை வரலக்கா.”

“கை வரலைன்னா காலால போடு. இங்க மூடப் போறாங்க.”

“நீ ‘இல்லை’ன்னு டிக் பண்ணிடு. நான் எப்படியும் இன்னைக்குள்ள போட்டுடுவேன். யாரு வந்து பாக்கப் போறா?”

லிப்ட் போர்டைக் காட்டி அறை முழுவதையும் அடக்கியவன் பேசிய பேச்சு இது. மதியம் கை தட்டியவள் இப்போது பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஒன்பதாவது ஆளை ஏத்தச் சொல்றியா?” என்றாள் அக்கா.

“அக்கா…”

“நீ போட்டேன்னு சொன்னாத்தான் நான் டிக் பண்ணுவேன். சத்தமா சொல்லிட்டே எழுது.”

மணி நான்கு ஐம்பத்தாறு. குமாஸ்தா தொண்டையைச் செருமினார். பின்னால் நின்ற வாத்தியார், தரையில் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

போனில் பேனா மூடி திறக்கும் சத்தம். பிறகு தம்பியின் குரல், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற குரல். “செயலாளரின்… விலகலை… ஏற்றுக்கொள்கிறேன்.” நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினான். “கையெழுத்து. தேதி. நேரம் நாலு ஐம்பத்தேழு.”

அக்கா ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ஒன்பது வருடத்தை அடித்துவிட ஒரு சின்னக் கோடு போதுமானதாக இருந்தது. குமாஸ்தா முத்திரை குத்தி, எண் பதினேழு என்று ஒரு துண்டுச்சீட்டைத் தள்ளினார். ஷட்டர் அவள் மூக்குக்கு முன்னால் விழுந்தது.

படிக்கட்டில் இறங்கும்போதுதான் போன் இன்னும் காதிலேயே இருப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் ஏதோ இரைச்சல். செருப்புச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ யாரையோ நகர்ந்து உட்காரச் சொல்லும் சத்தம்.

“என்னடா அங்க?”

“அக்கா, வந்துட்டிருக்காங்க.”

“யாரு?”

“நாம விலகச் சொன்னவங்க. வேலை முடிஞ்சு வந்துட்டிருக்காங்க. மூணு மணிக்குக் கூப்பிட்டா எவன் வருவான், மன்றத்துல ஒருத்தருக்கும் அறிவில்லையான்னு என்னைத் திட்டறாங்க. படிக்கட்டு வரைக்கும் நிக்கறாங்க. இருநூறு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் கணக்கு விட்டுடுச்சு.”

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மணி நேரம் கெஞ்சியபோது வராத ஜனம், அவள் வெளியேறிய மூன்றாவது நிமிடத்தில் வந்து நிற்கிறது. சிரிப்பதா, போனைத் தெருவில் விட்டெறிவதா என்று தெரியவில்லை.

“செயலாளர் எங்கன்னு கேக்கறாங்கக்கா. எங்களை விலகச் சொன்ன அந்தம்மாவை வரச் சொல்லு, நேர்ல கேக்கணும்ங்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். எண் பதினேழு. மூன்று நிமிடம்.

“அந்தப் பதவி காலியா இருக்குன்னு சொல்லு.”

இரைச்சலுக்கு நடுவில் அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஓரமாக நகர்வது கேட்டது.

“காலியா இல்லக்கா,” என்றான் ரகசியக் குரலில். “உன் நாற்காலியில ஏற்கனவே ஒருத்தங்க வந்து உக்காந்துட்டாங்க. எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. யாருன்னு சொன்னா நீ கத்தக் கூடாது.”